கடலைக் குடிக்கும் குவைத்

கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசை கட்டத் தொடங்கியதும் ஒரு பேச்சு கிளம்பும். "கடல் பக்கத்துலதானே இருக்கு, அதைச் சுத்தம் பண்ணிக் கொடுக்க வேண்டியதுதானே? குவைத், துபாய்ல எல்லாம் அதைத்தானே குடிக்கிறாங்க?" டீக்கடையிலும் கேட்கலாம், தொலைக்காட்சி விவாதத்திலும் கேட்கலாம். எதிர்த்தரப்பும் சளைத்ததில்லை. "அது வெறும் கெமிக்கல் தண்ணி, கடலையே நாசம் பண்ணிடும்" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார்கள்.

இரண்டிலுமே கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது, அதற்கு என்ன செலவாகிறது என்று தெரியாமல் இந்த வாதத்தில் எந்தப் பக்கம் நின்றாலும் இருட்டில் கம்பு சுற்றுவதுதான். அதனால் குவைத்தையே எடுத்துக்கொள்வோம். ஆறு கிடையாது, ஏரி கிடையாது. குடிநீரில் ஏறத்தாழ 90 சதவீதம் கடலிலிருந்து வருகிறது. எழுபது ஆண்டுகளுக்கு மேலாக இதே வேலையைச் செய்துவரும் நாடு என்பதால், இந்தத் தொழில்நுட்பத்தின் நல்லது கெட்டது இரண்டையும் அங்கே பார்த்துவிடலாம்.

வறட்சி வேறு, பற்றாக்குறை வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். வறட்சி என்பது வழக்கமாகப் பெய்யும் மழை ஒரு வருடமோ சில வருடங்களோ பொய்த்துப்போவது. அடுத்த பருவத்தில் கொட்டித் தீர்த்தால் நிலைமை மாறிவிடும். தண்ணீர்ப் பற்றாக்குறை அப்படியல்ல. நல்ல மழை பெய்த வருடத்திலும் ஆளுக்குத் தேவையான அளவு நீர் அந்த நிலத்தில் இல்லை என்பது அது.

இதை அளக்க ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். மழையாலும் ஆற்றாலும் ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப நிரம்பும் நீரைப் புதுப்பிக்கத்தக்க நீர் என்பார்கள். அதை மக்கள்தொகையால் வகுக்க வேண்டும். ஆளுக்கு ஆண்டுக்கு 1,000 கன மீட்டருக்குக் கீழே போனால் பற்றாக்குறை. 500க்குக் கீழே போனால் கடும் பற்றாக்குறை. ஒரு கன மீட்டர் என்றால் 1,000 லிட்டர், மாடியில் நிற்கிற ஒரு சின்டெக்ஸ் தொட்டி அளவு.

குவைத்தில் இந்தக் கணக்கு ஆளுக்குப் பத்துக் கன மீட்டர்கூட வராது. அந்தக் கொஞ்சமும் சவூதி பக்கமிருந்து நிலத்துக்கடியில் கசிந்து வருவதுதான். ஆண்டு மழை 110, 120 மில்லிமீட்டர். சென்னைக்குச் சராசரியாகக் கிடைப்பது சுமார் 1,400. குவைத்தில் பெய்கிற சொற்ப மழையும் வெயிலுக்குமுன் நிற்காது, அங்கே ஒரு திறந்த தொட்டியிலிருந்து ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் ஆவியாகிவிடும். அணை கட்டுவது, ஏரி தூர்வாருவது போன்ற நமக்குப் பழக்கமான தீர்வுகளுக்கு அங்கே வேலையே இல்லை. சென்னையையும் குவைத்தையும் ஒரே தராசில் வைப்பது இதனால்தான் சரிப்படாது. நம்முடையது பெய்வதைப் பிடித்துவைக்கத் தவறும் சிக்கல். அங்கே பிடித்துவைக்க ஒன்றுமில்லை.

படகில் வந்த குடிநீர்

எண்ணெய் கிடைப்பதற்கு முன்பும் குவைத்தில் ஊர் இருந்தது. முத்துக்குளிப்பவர்கள், மாலுமிகள், வணிகர்கள் வாழ்ந்தார்கள். ஆழமில்லாத கிணறுகளில் ஊறிய நீரைக் குடித்தார்கள். ஊர் பெருகப் பெருகக் கிணறுகள் உவர்க்கத் தொடங்கின. அதன்பின் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பாய்மரக் கப்பல்கள் வடக்கே போய், டைகிரிஸும் யூப்ரடீஸும் கூடிக் கடலில் கலக்கும் ஷத்துல் அரப் ஆற்றில் நன்னீர் நிரப்பிக்கொண்டு வந்தன. கப்பலின் வயிற்றில் தொட்டிகள். கரையில் இறக்கியதும் கழுதை மேலும், தோளில் தண்டு வைத்து இரண்டு பக்கமும் தகர டின் தொங்கவிட்ட ஆட்கள் மூலமும் வீடு வீடாகப் போகும். 1939இல் இந்தப் படகுத் தண்ணீரை ஒழுங்குபடுத்த ஒரு நிறுவனமே அமைத்தார்கள். புயல் அடித்தால் படகு வராது, ஊருக்குத் தண்ணீரும் இல்லை.

எண்ணெய்ப் பணம் வந்ததும் முதலில் செய்த காரியங்களில் ஒன்று கடல்நீரைக் காய்ச்சியது. 1951இல் எண்ணெய் நிறுவனம் தன் தேவைக்கு அஹ்மதி துறைமுகத்தில் ஒரு சிறிய ஆலை வைத்தது. 1953இல் ஷுவைக்கில் அரசின் ஆலை ஓடத் தொடங்கியது. நாளொன்றுக்குப் பத்து லட்சம் காலன், அதாவது சுமார் 45 லட்சம் லிட்டர். படகுக் காலம் அதோடு முடிவுக்கு வந்தது. 1960இல் வடக்கே ரவ்ததைன் பகுதியில் நிலத்தடியில் நல்ல நீர் கிடைத்து ஒரு சின்னக் கொண்டாட்டமும் நடந்தது. ஆனால் அது ஒரு நாட்டுக்குக் காணாது. இன்று பெரும்பாலும் பாட்டிலில் அடைத்து விற்கப்படுகிறது.

உப்பு ஏன் இவ்வளவு பிடிவாதம்?

கலங்கிய தண்ணீரைத் துணியில் வடிகட்டலாம், மணலில் விட்டுத் தெளியவைக்கலாம். கடல்நீரை அப்படிச் செய்ய முடியாது, ஏனென்றால் அதில் உப்பு மிதக்கவில்லை, கரைந்திருக்கிறது. கரைவது என்றால் உப்பு சோடியம், குளோரைடு என்று மின்னூட்டமுள்ள தனித்தனித் துகள்களாகப் பிரிந்துவிடுகிறது. இவற்றுக்கு அயனிகள் என்று பெயர். ஒவ்வொரு அயனியையும் தண்ணீர் மூலக்கூறுகள் சூழ்ந்து பிடித்துக்கொள்கின்றன. எந்த வடிகட்டியின் ஓட்டையிலும் தண்ணீரோடு தண்ணீராக இவை நழுவிப்போகும்.

இந்தப் பிடியை விடுவிக்க ஆற்றல் வேண்டும். எவ்வளவு குறைவாகச் செலவழிக்க முடியும் என்பதற்கு இயற்பியல் ஒரு வரம்பு போட்டிருக்கிறது. சாதாரணக் கடல்நீரில் பாதியை நன்னீராக எடுக்க வேண்டுமானால், 1,000 லிட்டர் நன்னீருக்குச் சுமார் ஒரு யூனிட் மின்சாரம். நம் கரண்ட் பில்லில் வருகிற அதே யூனிட்தான். எவ்வளவு பெரிய விஞ்ஞானி வந்தாலும் இதற்குக் கீழே போக முடியாது. "புதிய கண்டுபிடிப்பு, செலவே இல்லாமல் கடல்நீர் குடிநீராகிறது" என்று வாட்ஸப்பில் வருவதை நம்பலாமா என்று பார்க்க இந்த ஒரு எண் போதும்.

பெருங்கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. குவைத் கரையிலோ 40ஐத் தாண்டும். நம் ஊரில் ஆர்.ஓ. மெஷின் விற்பவர் ஒரு பேனா போன்ற கருவியைத் தண்ணீரில் முக்கி டி.டி.எஸ். (ஒரு லிட்டரில் கரைந்திருப்பது எத்தனை மில்லிகிராம் என்ற அளவு) பார்ப்பாரே, அந்தக் கணக்கில் சொன்னால் 40,000க்கு மேல். குடிநீருக்கு இந்தியத் தரநிலை விரும்பத்தக்க அளவாகச் சொல்வது 500.

சுருக்கமாக இதுவரை: குவைத்தில் நிலத்தில் நீர் இல்லை, கடலில் இருக்கிறது. அந்த நீரில் உப்பு கரைந்திருப்பதால் வடிகட்ட முடியாது, பிரிக்கத்தான் வேண்டும். பிரிப்பதற்கு ஆற்றல் கட்டாயம். இனிக் கேள்வி, அந்த ஆற்றலை எந்த வழியில் கொடுப்பது என்பதுதான்.

முதல் வழி: காய்ச்சி வடித்தல்

கடல்நீரைக் கொதிக்கவைத்தால் தண்ணீர் மட்டும் ஆவியாகிறது, உப்பு அடியில் தங்கிவிடுகிறது. ஆவியைக் குளிரவைத்தால் நன்னீர். பள்ளிக்கூடப் பாடம்தான். ஆனால் பாடத்தில் சொல்லாதது இதற்கு ஆகும் செலவு.

30 டிகிரியில் இருக்கும் நீரை 100 டிகிரிக்குச் சூடாக்க ஆகும் வெப்பத்தைப் போல ஏழு மடங்குக்கு மேல், அந்த 100 டிகிரி நீரை ஆவியாக மாற்ற மட்டுமே ஆகிறது. கொதிக்கும் நீரின் வெப்பநிலை ஏறாமலே உள்ளே போய்விடும் இந்த வெப்பத்துக்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். இரண்டையும் கூட்டினால் 1,000 லிட்டரை ஆவியாக்க சுமார் 700 யூனிட். ஒரு நடுத்தரக் குடும்பத்தின் இரண்டு மாத மின்சாரத்தை ஒரு மாடித் தொட்டித் தண்ணீருக்குக் கொட்டுவதுபோல. எண்ணெய் எவ்வளவு இருந்தாலும் இது கட்டுப்படியாகாது.

தப்பிக்க இரண்டு வழிகளைப் பிடித்தார்கள். ஒன்று, அழுத்தத்தைக் குறைப்பது. காற்றழுத்தம் குறைந்தால் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதிக்கும். ஊட்டியில் சோறு வேக நேரமாவது இதனால்தான், அங்கே தண்ணீர் 93 டிகிரி வாக்கில் கொதித்துவிடுகிறது. சூடான கடல்நீரை அழுத்தம் குறைந்த ஒரு அறைக்குள் விட்டால், மேலும் நெருப்பு வைக்காமலே ஒரு பகுதி சட்டென்று ஆவியாகிவிடும். மீதி நீர் கொஞ்சம் குளிரும். அதை இன்னும் அழுத்தம் குறைந்த அடுத்த அறைக்கு அனுப்பினால் அங்கேயும் ஒரு பகுதி ஆவியாகும். இப்படி இருபது அறைகள்கூட வரிசையாக இருக்கும்.

இரண்டாவதுதான் முக்கியம். ஆவி குளிர்ந்து நீராகும்போது, விழுங்கிய உள்ளுறை வெப்பம் முழுவதையும் திருப்பிக் கக்கும். அதைக் காற்றில் விடாமல், உள்ளே வரும் குளிர்ந்த கடல்நீர்க் குழாயைச் சூடாக்கப் பயன்படுத்துகிறார்கள். ஆவி அந்தக் குழாயின் மேல் பட்டுத்தான் குளிர்கிறது. ஒரே வெப்பம் திரும்பத் திரும்ப உழைக்கிறது. இந்த முறைக்குப் பல அடுக்கு ஆவியாக்கம் என்று பெயர், தொழிலில் இருப்பவர்கள் எம்.எஸ்.எஃப். என்பார்கள். இதன் இன்றைய வடிவத்துக்கு ஸ்காட்லாந்துப் பொறியாளர் ராபர்ட் சில்வர் முக்கியக் காரணம். அவருடைய வடிவமைப்பில் அமைந்த ஆலை 1960இல் ஓடத் தொடங்கிய இடம் வேறெதுவுமில்லை, அதே ஷுவைக். பிறகு வளைகுடா முழுக்க இதுவே பரவியது.

இப்படிச் செய்தால் 700 யூனிட் என்பது 70, 80 யூனிட் அளவு வெப்பமாகக் குறைகிறது. அதுவும் புதிதாக எரித்த வெப்பமல்ல. மின்நிலையத்தில் டர்பைனைச் சுற்றிவிட்டு, பெரும்பாலான வேலை முடிந்து வெளியேறும் நீராவி. ஆகவே குவைத்தில் மின்நிலையமும் தண்ணீர் ஆலையும் ஒரே வளாகத்தில் இருக்கும். ஷுஐபா, தோஹா (கத்தார் தலைநகர் அல்ல, குவைத்திலேயே உள்ள இடம்), அஸ்-ஸூர், சபியா என்று கரையோரம் நெடுக இந்த ஜோடிகளைப் பார்க்கலாம். நம் கல்பாக்கத்திலும் அணுமின் நிலைய நீராவியைக் கொண்டு இதே முறையில் ஓர் ஆலை இயங்கியிருக்கிறது.

இந்த ஜோடியில் ஒரு சிக்கல் உண்டு, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. குவைத்தில் கோடையில் ஏ.சி. ஓடுவதால் மின்தேவை உச்சத்துக்குப் போகும், குளிர்காலத்தில் சரிந்துவிடும். தண்ணீர்த் தேவை அவ்வளவு சரிவதில்லை. ஆக, மின்சாரம் வேண்டாத மாதங்களிலும் தண்ணீருக்காகக் கொதிகலன் எரிந்தாக வேண்டும். 'வீணாகும் நீராவி, அதனால் இலவசம்' என்ற வாதம் குளிர்காலத்தில் செல்லாது.

இரண்டாம் வழி: தள்ளிப் பிரித்தல்

மாங்காய் ஊறுகாய் போடும்போது நறுக்கிய துண்டுகளில் கல் உப்பைப் போட்டுக் கலந்து வைத்தால், மறுநாள் ஜாடியில் தண்ணீர் விட்டு நிற்கும். அந்தத் தண்ணீர் மாங்காய்க்குள் இருந்தது. செல்களின் சுவருக்கு உள்பக்கமாக இருக்கும் மெல்லிய தோல் தண்ணீரை விடும், உப்பை எளிதில் விடாது. உள்ளே உப்பு குறைவு, வெளியே அதிகம். அதனால் தண்ணீர் உப்பு அதிகமான பக்கத்துக்கு ஓடி அதை நீர்க்கச் செய்யப் பார்க்கிறது. இப்படித் தண்ணீரை மட்டும் கடத்தும் தோலுக்குச் சவ்வு என்றும், இந்த ஓட்டத்துக்குச் சவ்வூடு பரவல் என்றும் பெயர்.

இப்போது அந்த ஜாடியையே வைத்து ஒன்று கேட்டுப்பார்க்கலாம். உப்புநீர் இருக்கும் பக்கத்திலிருந்து பலமாக அழுத்தினால் என்ன ஆகும்? அழுத்தத்தைக் கூட்டக் கூட்ட, வெளியே வரும் ஓட்டம் மெதுவாகும். ஒரு கட்டத்தில் நின்றுவிடும். அதற்கும் மேல் அழுத்தினால் ஓட்டம் திரும்பி, உப்புநீரிலிருந்து தண்ணீர் மட்டும் மறுபக்கம் போகும். உண்மையான மாங்காய் நசுங்கிவிடும், உறுதியான சவ்வு தாங்கும். இதுதான் எதிர் சவ்வூடு பரவல், நாம் ஆர்.ஓ. என்று சொல்வது.

ஓட்டம் நின்றுபோகும் அந்த அழுத்தம் சாதாரணக் கடல்நீருக்குச் சுமார் 27 பார். கார் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம். 27 பார் அழுத்தம் தண்ணீரின் எடையால் மட்டும் வர வேண்டுமானால் 270 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் விமானங்கள் நான்கை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உயரம். அது வெறும் சமநிலைக்குத்தான். போதுமான வேகத்தில் தண்ணீர் எடுக்க ஆலைகள் 55 முதல் 70 பார் வரை அழுத்துகின்றன. உப்பு கூடக்கூட இதுவும் கூடும், குவைத் கடலில் அதனால்தான் செலவு அதிகம்.

சவ்வு என்பது மிகச் சிறிய ஓட்டை போட்ட சல்லடை என்று பலரும் நினைக்கிறார்கள். நெடுங்காலமாக ஏற்கப்பட்டுவரும் விளக்கம் அதைவிடச் சுவையானது. தண்ணீர் மூலக்கூறு சவ்வின் பிளாஸ்டிக் பொருளுக்குள் கரைந்து, ஊர்ந்து, மறுபக்கம் வெளிவருகிறது. உப்பின் அயனிக்கு அந்தப் பொருளில் கரைய மனமில்லை, தண்ணீரை விட்டுவிட்டு நிற்கிறது. இப்படி 99 சதவீதத்துக்கு மேல் உப்பு தடுக்கப்படுகிறது. கொஞ்சம் தப்பித்தும் போகும், அது பரவாயில்லை.

இதற்கான சவ்வு தொடக்கத்தில் தடிமனாக இருந்தது, தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப், சீனிவாச சௌரிராஜன் இருவரும் 1950களின் இறுதியில் அதற்குத் தீர்வு கண்டார்கள். சௌரிராஜன் இந்தியாவிலிருந்து போனவர். பெயரைக் கேட்டாலே நம் ஆட்களுக்குத் திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் கோயில் நினைவுக்கு வரும். இவர்கள் செய்த சவ்வில் உப்பைத் தடுக்கும் படலம் மேல்பரப்பில் மிக மெலிதாக மட்டும் இருந்தது. அடியில் நுண்துளைகள் நிறைந்த தடித்த பகுதி தாங்கிப்பிடிக்க மட்டும். படலம் மெலிந்ததும் தண்ணீர் பல மடங்கு வேகமாக வந்தது. சோதனைக்கூட வேடிக்கை தொழிலாக மாறியது அங்கேதான்.

ஆலைக்குள் போனால் பார்ப்பதற்கு ஒன்றும் பெரிதாக இருக்காது. எட்டு அங்குல விட்டமும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள உருளைகள், உள்ளே சவ்வுத்தாள் பாயாகச் சுருட்டப்பட்டிருக்கும். ஆறேழு உருளைகளை ஒரு குழாய்க்குள் செருகி, அப்படிப்பட்ட குழாய்களை அலமாரி அலமாரியாக அடுக்கியிருப்பார்கள். காதைப் பிளப்பது பம்பின் இரைச்சல்.

சமையலறை ஆர்.ஓ.வில் வெளியேறும் வேஸ்ட் தண்ணீரைப் பாத்திரம் கழுவப் பிடித்து வைப்பவர்களுக்கு அடுத்தது எளிதாகப் புரியும். கடல்நீர் ஆலையிலும் உள்ளே போவதில் நாற்பது நாற்பத்தைந்து சதவீதம்தான் நன்னீராகும். மீதி இன்னும் உப்பேறி வெளியே வருகிறது, ஆனால் கிட்டத்தட்ட அதே 60 பார் அழுத்தத்தோடு. வீட்டு மெஷினில் அந்த அழுத்தம் வீணாகிறது. ஆலையில் அதை விடுவதில்லை. வெளியேறும் நீரின் அழுத்தத்தை அப்படியே உள்ளே வரும் கடல்நீருக்குக் கைமாற்றும் கருவிகள் வந்துவிட்டன. இதனால்தான் இன்று ஒரு நல்ல ஆலையில் 1,000 லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட்டில் காரியம் முடிகிறது. சில பத்தாண்டுகளுக்கு முன் இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஆனது.

அப்படியென்றால் குவைத் ஏன் இவ்வளவு காலம் காய்ச்சிக்கொண்டே இருந்தது? எரிபொருள் கையிலேயே இருந்தது ஒரு காரணம். கடல் இன்னொன்று. வளைகுடா ஆழமற்றது, வெதுவெதுப்பானது, பாசி பெருகும், எண்ணெய்க் கசிவும் உண்டு. சவ்வு நுணுக்கமானது, அழுக்கு படிந்தால் அடைத்துக்கொள்ளும். 2008, 2009 வாக்கில் ஓமான், ஐக்கிய அரபு அமீரகக் கரைகளில் செந்நிறப் பாசி பெருகியபோது ஆலைகளை நிறுத்திவைக்க நேர்ந்தது. கொதிக்கவைக்கும் ஆலைக்கு அழுக்கு பெரிய பொருட்டில்லை. இருந்தாலும் மணல் வடிகட்டி, நுண்வடிகட்டி என்று முன்சுத்திகரிப்பு மேம்பட்டதால், கடந்த பதினைந்து ஆண்டுகளாகக் குவைத்தும் ஷுவைக், தோஹா என்று ஆர்.ஓ. பக்கம் நகர்ந்துவருகிறது.

இந்த இரண்டு வழிகளையும் பக்கத்தில் வைத்தால்: ஒன்று தண்ணீரை ஆவியாக்கி உப்பை விட்டுவருகிறது, மற்றது அழுத்தித் தண்ணீரை வெளியே எடுக்கிறது. முதலாவதுக்கு வெப்பம், இரண்டாவதுக்கு மின்சாரம். இரண்டும் குவைத்தில் எண்ணெயிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும்தான் வருகின்றன.

அது வெறும் கெமிக்கல் தண்ணியா?

இல்லை. பிரச்சினை நேர்மாறானது, அதில் ஒன்றுமே இருக்காது. காய்ச்சி வடித்த நீரில் தாதுக்கள் கிட்டத்தட்ட இல்லை. குடித்தால் சப்பென்று இருக்கும். அதோடு, எதுவும் கரைந்திராத நீர் போகிற வழியில் குழாயின் உலோகத்தையும் சிமெண்டையும் அரிக்கும். அதனால் அனுப்புவதற்கு முன் தாதுக்களைத் திரும்பச் சேர்ப்பார்கள். குவைத்தில் நிலத்தடியிலிருந்து எடுத்த உவர்நீரைக் கொஞ்சம் கலக்கிறார்கள். முழுக்கக் கஷ்டப்பட்டு உப்பை நீக்கிவிட்டுக் கொஞ்சம் உப்புநீரைக் கலப்பது வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் அதுதான் தண்ணீருக்கு ருசியைக் கொடுக்கிறது. இதே உவர்நீருக்கு அங்கே தனிக் குழாய் வலைப்பின்னலே உண்டு, தோட்டத்துக்கும் கழுவுவதற்கும்.

கடல் நாசமாகிறதா என்பதற்கு ஆமாம், இல்லை என்று ஒரே வரியில் சொல்ல முடியாது. வெளியேறும் நீரில் உப்பு கடலைவிட அதிகம், காய்ச்சும் ஆலையென்றால் சூடும் அதிகம், குளோரினும் படிவுத் தடுப்பு மருந்துகளும் கலந்திருக்கும். உப்பேறிய நீர் கனமானது, கலக்காமல் அடியில் படர்ந்தால் கடற்புல்லும் அங்கே ஒதுங்கும் உயிர்களும் தாங்காது. வெளியேற்றும் குழாய் வாயைச் சுற்றி இது நிஜமான பாதிப்பு. ஆனால் வளைகுடா முழுவதும் உப்பேறுவதற்கு ஆலைகளே காரணம் என்பது மிகை. அங்கே வெயில் உறிஞ்சுவது ஆலைகள் எடுப்பதைவிடப் பல மடங்கு. சராசரி ஆழம் 35 மீட்டர் வாக்கில்தான், பெருங்கடலோடு சேரும் வாசலும் ஹோர்முஸ் நீரிணை என்ற ஒரு குறுகிய வழி. ஆலைகள் பெருகப் பெருக இந்தக் கணக்கு மாறலாம். இன்றைக்குக் கவலை கரையோரத்தைப் பற்றியதாகவே இருக்க வேண்டும்.

தொட்டி காலியானால்

ஆறும் ஏரியும் செய்யும் ஒரு வேலையை நாம் கவனிப்பதே இல்லை, அவை சேமித்து வைக்கின்றன. ஆலை அதைச் செய்யாது. நின்றால் அன்றே உற்பத்தி நின்றது. ஆகவே குவைத் தொட்டிகளாகக் கட்டிக்குவித்திருக்கிறது. நகரெங்கும் கோடு போட்ட காளான் வடிவ நீர்த்தொட்டிகள். படங்களில் நாம் பார்க்கும், நீலச் சில்லுகள் பதித்த குவைத் கோபுரங்களும் தண்ணீர்த் தொட்டிகள்தான். மூன்றில் இரண்டு கோபுரங்களின் உருண்டைகளில் தண்ணீர் இருக்கிறது. உயரமானது 187 மீட்டர், 1979இல் திறக்கப்பட்டது. ஒரு நாடு தன் அடையாளச் சின்னமாகத் தண்ணீர்த் தொட்டியை நிறுத்தியிருப்பதில் எனக்கு எந்த வியப்பும் இல்லை.

1991 ஜனவரியில், வளைகுடாப் போரின்போது, குவைத்தின் எண்ணெய் முனையத்திலிருந்து கச்சா எண்ணெய் கடலில் திறந்துவிடப்பட்டது. படலம் தெற்கே சவூதிக் கரைக்கு நகர்ந்தது. அங்கே ஜுபைல் ஆலை, பாலைவனத்துக்கு நடுவே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ரியாத் நகரத்துக்குக் குழாயில் தண்ணீர் அனுப்பிக்கொண்டிருந்தது. நீர் உறிஞ்சும் வாயைச் சுற்றி மிதவைத் தடுப்புகள் போட்டு அதைக் காப்பாற்றினார்கள். குவைத்தின் சொந்த ஆலைகளோ போரில் சேதமடைந்திருந்தன. நீரை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பவர்கள் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். குவைத் தன் தண்ணீர்ப் பற்றாக்குறையைத் தீர்க்கவில்லை, அதை எரிபொருள் பிரச்சினையாகவும் பாதுகாப்புப் பிரச்சினையாகவும் மாற்றிக்கொண்டது. மழை பொய்க்குமோ என்ற கவலை போய், எண்ணெய் விலை, கடலின் சுத்தம், பக்கத்து நாட்டின் போர் என்று வேறு கவலைகள் வந்தன. எண்ணெய் வைத்திருக்கும் நாட்டுக்கு இந்த மாற்று லாபம்தான். மற்ற நாடுகள் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு கஷ்டப்பட்டு எடுத்த நீரை

எப்படிச் செலவழிக்கிறார்கள்? குவைத்தில் ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 450 லிட்டர், உலகிலேயே மிக அதிகமான அளவுகளில் ஒன்று. இந்தியப் பெருநகரங்களுக்கு வகுத்திருக்கும் அளவுகோல் 150 லிட்டர். காரணம் எளிது, உற்பத்திச் செலவில் ஒரு சிறு பகுதியைத்தான் வீடுகள் கட்டணமாகத் தருகின்றன, மீதியை அரசு ஏற்கிறது. மானியத்தைக் குறைப்பது எந்த நாட்டிலும் அரசியல்வாதிகளுக்குப் பிடிக்காத வேலை.

மலிவான வழி ஒன்று உண்டு. சாக்கடை நீரில் உப்பு கடல்நீரைவிட மிகக் குறைவு, ஆகவே முன்சுத்திகரிப்பு செய்துவிட்டால், ஆர்.ஓ. சவ்வில் மிகக் குறைந்த அழுத்தத்தில் சுத்தமாகிவிடும். குவைத்தின் சுலைபியா ஆலை 2000களின் நடுவிலிருந்து இதைப் பெரிய அளவில் செய்து விவசாயத்துக்கு அனுப்புகிறது. சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு நிலையங்கள் 2019 முதல் இப்படிச் சுத்திகரித்த நீரைத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கின்றன. மீஞ்சூர், நெம்மேலி கடல்நீர் ஆலைகளுக்குக் கிடைக்கும் பேச்சில் கால்வாசிகூட இவற்றுக்குக் கிடைப்பதில்லை. என்னைக் கேட்டால் அந்த இரண்டைவிட இவைதான் அதிகம் பேசப்பட வேண்டியவை.

சரி, கடல்நீரையே குடிநீராக்கிப் பயிருக்கும் பாய்ச்சிவிட்டால்? இந்தக் கேள்வியையும் கணக்கிலேயே முடித்துவிடலாம். ஒரு கிலோ அரிசி விளைய உலகச் சராசரியாகச் சுமார் 2,500 லிட்டர் நீர் வேண்டும். 1,000 லிட்டருக்கு மூன்றரை யூனிட் என்று வைத்தால், ஒரு கிலோ அரிசிக்குத் தண்ணீர்ச் செலவு மட்டும் ஒன்பது யூனிட்டை நெருங்கும். குடிக்க, குளிக்க இந்த நீர் கட்டும், நெல்லுக்குக் கட்டாது. எனவே குவைத் அரிசியை வாங்கிக்கொள்கிறது. ஒரு பொருளை விளைவிக்கச் செலவாகி, அந்தப் பொருளோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாமல் நாடு விட்டு நாடு போகும் இந்த நீரைத்தான் மறைநீர் என்கிறோம். குவைத் வாங்கும் பாஸ்மதி பெருமளவு இந்தியாவிலிருந்து போகிறது. அதை விளைவிக்கும் பஞ்சாபிலும் ஹரியானாவிலும் ஆழ்குழாய்க் கிணறுகள் ஆண்டுக்காண்டு இன்னும் கீழே இறங்க வேண்டியிருக்கிறது.